தனியாகக் கிடக்கும் குட்டிக்குத் தாய் இருக்கிறது

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில், பாலக்கோடு, ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகி அறுப்பு நடக்கும் நாட்களில் ஆண்டுதோறும் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வரும். அரிவாள் போகிற போக்கில் தாளுக்கு அடியில் ஒரு காட்டு முயல் குட்டி தட்டுப்படும். கைக்குள் அடங்கும் அளவு. உடம்பெல்லாம் மயிர் இருக்கும், கண் திறந்திருக்கும், ஆனாலும் ஓடாது. கல் மாதிரி உட்கார்ந்திருக்கும். சுற்றிப் பார்த்தால் தாயைக் காணோம். "பாவம், தாயை நாய் பிடிச்சிருக்கும்" என்று யாராவது சொல்வார்கள். குட்டி கூடையில் ஏறி வீட்டுக்குப் போகும். பஞ்சில் நனைத்த மாட்டுப்பாலைச் சப்பும். சில நாட்களில் கழிச்சல் கண்டோ வயிறு உப்பியோ செத்துப்போகும்.

அந்தக் குட்டிக்கு எந்தக் கேடும் வந்திருக்கவில்லை. காட்டு முயல் பிள்ளை வளர்க்கும் முறையே அதுதான். கூண்டில் வளர்க்கிற முயல் வளை தோண்டி, மயிர் பிய்த்துப் போட்டு, கண் திறக்காத குட்டிகளை அதில் வைத்திருக்கும். காட்டு முயல் வளை தோண்டுவதில்லை. வெட்டவெளியில் ஈனும். குட்டிகள் மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறந்து, கொஞ்ச நாளில் ஆளுக்கொரு புதராகப் பிரிந்து படுத்துக்கொள்ளும். தாய் பகல் முழுக்க விலகியே இருக்கும். பக்கத்தில் நின்றால் நரியும் நாயும் அதன் வாடையைப் பிடித்துக் குட்டியிடம் வந்துவிடும் என்பதே காரணம். இருட்டிய பிறகு வந்து சில நிமிடம் பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். அந்தப் பால் கெட்டியானது. கொழுப்பும் புரதமும் மாட்டுப்பாலைவிடப் பல மடங்கு. அதனால்தான் அவ்வளவு நேரம் தாங்குகிறது. அதற்குப் பதிலாக மாட்டுப்பாலைக் கொடுத்தால் ஊட்டம் போதாது, குடலும் ஏற்காது. மனிதக் கை பட்ட அச்சம் வேறு சேரும்போது அந்தச் சிறு உடம்பு தாங்காது.

ஆகவே அறுப்பில் முயல் குட்டி தென்பட்டால், அந்த இடத்தைச் சுற்றி இரண்டு மூன்று முழத்துக்குத் தாளை அறுக்காமல் விட்டு வேலையைத் தொடரலாம். முழுக்க அறுத்தே ஆக வேண்டும் என்றால், குட்டியைத் துணியால் அல்லது கைநிறையப் புல்லோடு சேர்த்து அள்ளி, அதே கொல்லையின் வரப்போரப் புதரில், நிழலில் வையுங்கள். பத்து இருபது அடிக்குள் இருந்தால் தாய் தேடிக் கண்டுபிடித்துவிடும். அடுத்த ஊருக்கோ காட்டுக்கோ கொண்டுபோய் விட்டால் கண்டுபிடிக்காது. அன்று இரவு நாயைக் கட்டிப் போட வேண்டும். டார்ச் அடித்துக்கொண்டு போய்ப் பார்க்கக் கூடாது. இவ்வளவுதான் செய்ய வேண்டியது, ஆனால் செய்வதற்கு மிகக் கடினமானதும் இதுதான். கையில் ஒரு குட்டி இருக்கும்போது அதை மறுபடி தரையில் வைத்துவிட்டு நடப்பது மனசுக்கு ஒப்பாது.

மான் குட்டியும் இதே வழிதான். புள்ளிமான் குட்டி முதல் சில வாரம் புல்லுக்குள் தலையைத் தரையோடு ஒட்டிப் படுத்திருக்கும். ஆள் கிட்டே வந்தாலும் எழாது. தாய் மேய்ந்துவிட்டு வந்து ஊட்டும். தொப்பூர் கணவாயிலும் ஒகேனக்கல் சாலையிலும் காட்டோரத்தில் அப்படிப் படுத்திருக்கும் குட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைப்பவர் நல்லது செய்வதாகத்தான் நினைக்கிறார். ஆனால் தாய் உயிரோடு இருக்கும் ஒரு குட்டியை அவர் அனாதையாக்கிவிட்டார்.

எப்போது கை வைக்க வேண்டும்

தனியாக இருப்பது மட்டும் ஒரு அறிகுறி ஆகாது. இரத்தம் கசிவது, கால் அல்லது இறக்கை இயல்பில்லாமல் தொங்குவது, உடம்பில் ஈ மொய்ப்பது, ஈ முட்டையோ புழுவோ எறும்போ இருப்பது, பூனையோ நாயோ வாயில் கவ்வியது, தாய் பக்கத்தில் செத்துக் கிடப்பது, தொட்டால் உடம்பு சில்லென்று இருப்பது, தலை ஒருபக்கம் சாய்ந்து வட்டமடிப்பது, மணிக்கணக்கில் விடாமல் கத்துவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த உயிருக்கு உதவி தேவை. ஒன்றும் இல்லையென்றால் விலகி நின்று கவனிப்பதே உதவி.

ஈ முட்டையைப் பலர் கவனிக்கத் தவறுகிறார்கள். துருவிய தேங்காயை ஒட்டி வைத்தது போல வெள்ளையாக, கொத்தாக, கண்ணோரத்திலும் காதிலும் மலவாயைச் சுற்றியும் இருக்கும். நம் ஊர் வெயிலில் ஒரு நாளுக்குள் அது புழுவாகிச் சதைக்குள் இறங்கிவிடும். அது தென்பட்டால் காத்திருக்கக் கூடாது.

பூனை கடித்ததும் அப்படியே. பறவைக்குக் காயம் வெளியே தெரியாமல் இருக்கலாம். பூனையின் பல் ஊசி போன்றது. துளை சிறியதாக இருக்கும், இறகு மூடிவிடும். ஆனால் பூனை வாயில் இருக்கும் பாக்டீரியா உள்ளே போய் இரண்டு மூன்று நாளில் இரத்தத்தில் நஞ்சு கலந்து கொன்றுவிடும். "பூனைகிட்டேர்ந்து புடுங்கிட்டோம், நல்லாத்தான் இருக்கு" என்று பறக்கவிடுவது தவறு. மருத்துவர் கையால் ஆன்டிபயாட்டிக் போய்ச் சேர வேண்டும்.

கீழே விழுந்த குஞ்சு

அதிகம் தவறு நடப்பது பறவைக் குஞ்சுகளில்தான். மாசியில் புளி உலுக்கும்போதும், பனைமட்டை வெட்டும்போதும், மா மரத்தில் கவாத்து செய்யும்போதும், சாலை அகலப்படுத்தப் பழைய புளியமரங்களைச் சாய்க்கும்போதும் கூடுகள் தரைக்கு வருகின்றன.

முதலில் குஞ்சின் வயதைப் பாருங்கள். இறகு முளைக்காமல், கண் மூடி, தோல் தெரிந்தால் அது கூட்டில் இருக்க வேண்டிய குஞ்சு. உடம்பெங்கும் இறகு வந்து, வால் மட்டும் குட்டையாக, தத்தித் தத்திப் போனால் அது பறக்கப் பழகும் குஞ்சு. இந்த இரண்டாவது வகை தரையில் இருப்பது இயல்பு. மைனாவும் கொண்டைக்குருவியும் தவிட்டுக் குருவியும் கூட்டை விட்டு இறங்கிய பின் சில நாள் தரையிலும் தாழ்ந்த கிளையிலும்தான் இருக்கும். பெற்றவை வந்து ஊட்டிக்கொண்டே இருக்கும். அதைப் பூனைக்கு எட்டாத கிளையில் ஏற்றி வைத்துவிட்டு விலகினால் போதும்.

"மனுஷன் கை பட்டா தாய் சேர்த்துக்காது" என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. பெரும்பாலான பறவைகள் மோப்பத்தை வைத்துக் குஞ்சை அடையாளம் காண்பதில்லை. கூட்டுக்குள் திறந்த வாயும் பசிக்குரலும் இருந்தால் ஊட்டும். எனவே இறகில்லாக் குஞ்சு கீழே கிடந்தால் கூட்டிலேயே திருப்பி வைக்கலாம், வைக்கவும் வேண்டும். கூடு சிதைந்துவிட்டால் மாற்றுக் கூடு கட்டுங்கள். சின்னப் பிளாஸ்டிக் டப்பா, கொட்டாங்கச்சி, பழைய பின்னல் கூடை எதுவானாலும் சரி. அடியில் நாலைந்து ஓட்டை போட வேண்டும், இல்லையென்றால் ஒரு மழைக்கே குஞ்சு மூழ்கிவிடும். உள்ளே காய்ந்த புல், தேங்காய் நார். பச்சைப் புல் வேண்டாம், அதன் ஈரம் உடம்புச் சூட்டை இழுத்துவிடும். பழைய கூடு இருந்த அதே மரத்தில், இயன்றவரை அதே உயரத்தில், நேர் வெயில் படாத கிளையில் கம்பியால் ஆடாமல் கட்டுங்கள். பிறகு ஐம்பது அடி தள்ளிப் போய் இரண்டு மணி நேரம் பாருங்கள். சிறு பறவைகள் பகலில் அடிக்கடி இரை கொண்டுவரும். இரண்டு மணி நேரத்தில் ஒருமுறைகூட வரவில்லை என்றால்தான் அடுத்த வழியை யோசிக்க வேண்டும். மரத்தடியிலேயே நின்றுகொண்டு "வரவே இல்லை" என்று சொல்வதில் பயனில்லை. நாம் நிற்பதால்தான் வரவில்லை.

ஆந்தைக்குக் கணக்கு வேறு. ஓட்டு வீட்டு இடுக்கிலிருந்து விழும் புள்ளி ஆந்தைக் குஞ்சுக்கும், கிடங்குகளில் வளரும் கூகைக் குஞ்சுக்கும் பகலில் யாரும் வர மாட்டார்கள். காக்கைகள் சூழாமல் ஓர் அட்டைப்பெட்டியில் மூடி நிழலில் வைத்திருந்து, பொழுது சாயும் நேரத்தில் விழுந்த இடத்துக்கு அருகே உயரமான கிளையிலோ சுவர் மேலோ வையுங்கள். இரவில் வந்து ஊட்டும். கூகைக் குஞ்சு சீறுவதைக் கேட்டு நோய் என்றோ கெட்ட சகுனம் என்றோ நினைத்து அடிப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு கூகைக் குடும்பம் கொல்லையில் பிடிக்கும் எலிகளை எந்த மருந்தாலும் ஈடுகட்ட முடியாது.

பனை உழவாரன் கூட்டைப் பார்த்தவர்கள் குறைவு. பனையோலையின் அடிப்புறம், இறகையும் பஞ்சையும் எச்சிலால் ஒட்டி உள்ளங்கையில் பாதிகூட இல்லாத ஒரு கூடு. முட்டையையும் ஒட்டியே வைக்கும். மட்டை வெட்டிக் கீழே விழுந்தால் கூட்டைப் பிய்த்து எடுக்க முடியாது. எடுத்தாலும் வேறு கூட்டில் அந்தக் குஞ்சுக்கு உட்காரத் தெரியாது, அதன் கால் தொங்கிப் பிடிக்கவே ஆனது. ஓலையை அதே மரத்தில், அதே தொங்கும் வாக்கில் கட்டிவிடுவதுதான் அதற்கு இருக்கும் வாய்ப்பு. பனங்காட்டில் வேலை செய்பவர் ஏறும் முன் ஒருமுறை அண்ணாந்து பார்த்து, உழவாரன்கள் வந்து போகும் மரத்தை இரண்டு மாதம் தள்ளி வெட்டினால் இந்தப் பாடே இல்லை.

ஆள்காட்டியும் கௌதாரியும் மயிலும் தரையில் முட்டையிடுபவை. குஞ்சு பொரிந்து கொஞ்ச நேரத்திலேயே ஓடும். ஆபத்து என்றால் உறைந்து கிடக்கும். தலைக்கு மேல் ஆள்காட்டி கத்திக்கொண்டு சுற்றினால் குஞ்சு உங்கள் காலடியில் எங்கோ இருக்கிறது என்று பொருள். வந்த வழியே திரும்புங்கள். உழும்போது முட்டை தென்பட்டால் நாலு குச்சி நட்டு, அந்த ஒரு பாத்தியை விட்டு டிராக்டரைத் திருப்பலாம். மயில் முட்டையை எடுத்து நாட்டுக்கோழியிடம் அடை வைப்பது இங்கே பல ஊர்களில் நடக்கிறது. அது சட்டப்படி குற்றம். அதைவிட, கோழியின் பின்னால் வளர்ந்த மயில் நாயையும் மனிதரையும் கண்டு ஒதுங்காது. முதல் ஆண்டைத் தாண்டுவதே அரிது.

குஞ்சுக்கு வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். இந்த ஒன்றுக்காகவே தனிப் பத்தி எழுதலாம். பறவையின் மூச்சுத்துளை நாக்கு தொடங்கும் இடத்திலேயே, வாய்க்குள் திறந்தபடி இருக்கிறது. சொட்டு விட்டால் அது நேராக நுரையீரலுக்குப் போகும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது, மறுநாள் காலையில் செத்திருக்கும். பாலும் கூடாது. பறவைகளுக்குப் பாலைச் செரிக்கும் நொதி இல்லை. சோறு, ஊறவைத்த பிரெட், பிஸ்கட் எல்லாம் வயிற்றை நிரப்பும், வளர்க்காது. சித்திரை வெயிலில் மயங்கி விழும் கள்ளப்பருந்துக்கும் இது பொருந்தும். நிழல், காற்று, பக்கத்தில் அகலமான தட்டில் தண்ணீர். தானாகக் குடிக்கட்டும்.

அணில், காட்டுப்பூனை, சிறுத்தை

அணில் தாய் கூட்டைக் கைவிடுவது அரிது. நாரும் பஞ்சும் சேர்த்த கூடு விழுந்தால், வேறொரு கூட்டுக்குக் குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக் கொண்டுபோகும். அதற்கு நேரமும் அமைதியும் தேவை. குட்டிகளை ஒரு சிறு பெட்டியில் போட்டு, வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, அதே மரத்தில் ஆள் உயரத்தில் கட்டுங்கள். எறும்பு ஏறாதபடி தண்டைச் சுற்றி எண்ணெய்த் துணி. காகம் வராதபடி தூரத்திலிருந்து ஒருவர் காவல். காலையில் வைத்தால் பொழுது சாயும் வரை காத்திருக்கலாம், இடையிடையே பாட்டிலில் வெந்நீர் மாற்றினால் போதும். அணில் பகலில் நடமாடுவது, எனவே இருட்டிய பின் வெளியே வைக்காமல் உள்ளே எடுத்துச் சூட்டில் வைத்து, விடிந்ததும் மறுபடி வையுங்கள்.

அந்த இரவில் தண்ணீர்ச் சத்து குறைந்தால் குட்டி தாங்காது. சரியான அளவில் கரைத்த ஓ.ஆர்.எஸ். கரைசலை (ஒரு பாக்கெட், ஒரு லிட்டர் கொதித்தாறிய நீர்) 1 மி.லி. சிரிஞ்சில் ஊசியில்லாமல் எடுத்து, குட்டியைக் குப்புறப் பிடித்து, உதட்டோரம் சொட்டுச் சொட்டாகத் தரலாம். மல்லாக்கப் பிடித்தால் மூக்கில் ஏறும். அளவு, எடையில் இருபதில் ஒரு பங்கு: 20 கிராம் குட்டிக்கு ஒரு தடவைக்கு 1 மி.லி. அதற்கு மேல் போகக் கூடாது. உடம்பு சில்லிட்டிருந்தால் எதுவும் தராதீர்கள். குளிர்ந்த வயிறு செரிக்காது, உள்ளே புளித்து உப்பும். முதலில் சூடு, அப்புறம்தான் நீர். இது ஓர் இரவைக் கடத்தும் வழி மட்டுமே, வளர்க்கும் முறை அல்ல.

கரும்பு வெட்டில் வேறொரு குழப்பம் வருகிறது. பாலக்கோடு, அரூர் பக்கம் கரும்புச் சோகைக்குள் குட்டிகள் கிடந்தால் ஊரே "சிறுத்தைக் குட்டி" என்று திரளும். பெரும்பாலும் அவை காட்டுப்பூனைக் குட்டிகள். காட்டுப்பூனைக் குட்டியின் உடம்பில் மங்கலான கோடு இருக்கும், வளர வளர மறையும். வால் குட்டை, அதன் நுனியில் கறுப்பு வளையம், காது கூராக நிற்கும். சிறுத்தைக் குட்டிக்கு உடம்பெங்கும் நெருக்கமான புள்ளிகள், தடித்த பாதம், நீண்ட வால். எதுவானாலும் செய்ய வேண்டியது ஒன்றே: தொடாமல், அந்தப் பகுதியில் வெட்டை நிறுத்தி, வனத்துறைக்குச் சொல்லி, கூட்டத்தைக் கலைப்பது. தாய் இரவில் வந்து ஒவ்வொன்றாக இடம் மாற்றும். "ஒண்ணைத்தான் கொண்டுபோச்சு, இன்னொண்ணை விட்டுருச்சு" என்று பாதியில் எடுத்துவிடாதீர்கள். அடுத்த நடைக்கு அது வரும்.

மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் பகுதியில் கரும்புக் கொல்லைகளில் சிறுத்தை ஈனுவது வழக்கமாகிவிட்டது. அங்கே வனத்துறையும் விலங்கு மருத்துவர்களும் குட்டிகளைப் பரிசோதித்து, கிடைத்த அதே இடத்தில் பொழுது சாயும்போது பெட்டியில் வைத்து, தானியங்கி கேமரா பொருத்தி விலகிவிடுகிறார்கள். தாய் வந்து கொண்டுபோகிறது. பலமுறை வெற்றி கண்ட முறை இது. குட்டியைப் பிரித்துக் கொண்டுபோனால் தாய் அந்த ஊரையே சுற்றிவரும், மூர்க்கமாகவும் மாறலாம். திருப்பிச் சேர்ப்பது ஊருக்கும் பாதுகாப்பு.

யானைக் குட்டி கற்றுத்தந்தது

ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாக ராகிப் பருவத்தில் யானைகள் வருவதும், சானமாவு காட்டில் தங்கிப் போவதும் இங்கே யாருக்கும் புதிதில்லை. 2014இல் காவிரி வடக்குச் சரணாலயமும் 2022இல் காவிரி தெற்குச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. காட்டுக்கும் கொல்லைக்கும் இடையே வேலி என்று ஒன்று இயற்கையில் கிடையாது.

2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் மூன்று யானைகள் இறந்தன, கூட இருந்த இரண்டு குட்டிகள் உயிர் தப்பின. அதே மாதம் பென்னாகரம் பகுதியில் கிணற்றில் விழுந்த ஒரு குட்டி மீட்கப்பட்டது. கூட்டத்தோடு சேர்க்கும் முயற்சி பலிக்காமல் போகவே முதுமலையின் தெப்பக்காடு முகாமுக்கு அனுப்பப்பட்டது. அனுபவம் மிக்க பாகன்கள் கவனித்தும் அந்த மாத இறுதியில் அது இறந்தது. பாலூட்டும் வயதில் இருக்கும் யானைக்குட்டியைத் தாயில்லாமல் காப்பது உலகின் எந்த முகாமுக்கும் கடினமான வேலை. மாட்டுப்பாலின் கொழுப்பு அதற்குச் செரிக்காது. கழிச்சல் தொடங்கிவிட்டால் சில நாளில் உடம்பு வற்றிவிடும். 2017இல் ஓசூர் பக்கம் தாய் மின்சாரம் தாக்கி இறந்தபின் தெப்பக்காட்டுக்குப் போன ரகு பிழைத்து வளர்ந்தான். மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் அவன் வளர்ந்தது முகாமில், கூட்டத்தில் அல்ல. சிறந்த கைகளில் சேர்ந்து பிழைத்த குட்டிக்கும் காடு திரும்பக் கிடைக்கவில்லை. கூட்டத்தோடு சேர்க்கும் முதல் இரண்டு மூன்று இரவுகளுக்கு அவ்வளவு மதிப்பு இருப்பது இதனால்தான்.

அந்த இரவுகளைக் கெடுப்பது பெரும்பாலும் வேடிக்கை பார்க்கும் கூட்டம். குட்டி கிணற்றிலோ குட்டையிலோ மாட்டினால் தாய்க்கூட்டம் அருகில் உள்ள மறைவில் நிற்கும். பட்டாசு, செல்போன் வெளிச்சம், வண்டிச் சத்தம் எல்லாம் சேர்ந்து அதைத் துரத்திவிட்டால், வெளியே எடுத்த குட்டியைச் சேர்க்க ஆளிருக்காது. கிணற்றைச் சுற்றி அரைக் கிலோமீட்டருக்கு ஊர் மக்களே ஆளை நிறுத்திக் கூட்டத்தைத் தடுப்பது, கயிறு இழுக்க வருவதைவிடப் பெரிய உதவி.

கிணறு, கண்ணி, வலை, நஞ்சு

கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய கிணறுகள் நம் இரண்டு மாவட்டங்களிலும் ஏராளம். மான், நரி, மரநாய், காட்டுப்பூனை, எப்போதாவது சிறுத்தை என்று விழுகின்றன. தண்ணீரில் நீந்திக்கொண்டிருக்கும் விலங்கு சோர்ந்துதான் சாகிறது. எனவே முதலில் அது பற்றிக்கொள்ள ஏதாவது இறக்குங்கள். வெட்டிய வாழை மரம், காற்றடைத்த டியூப், காய்ந்த கட்டை. மூச்சு வாங்க இடம் கிடைத்தால் வனத்துறை வரும்வரை தாங்கும். நரி, மரநாய் போன்றவற்றுக்குச் சாக்கு சுற்றிய ஏணியைச் சாய்வாக இறக்கி, விளக்கை அணைத்து, எல்லோரும் போய்விட்டால் இரவில் தானே ஏறிவிடும். நீங்கள் உள்ளே இறங்கக் கூடாது.

மான் விழுந்தாலோ நாய் துரத்தி வந்தாலோ இன்னொரு ஆபத்து இருக்கிறது. அளவுக்கு மீறி ஓடி அஞ்சிய மானின் தசைகள் உள்ளுக்குள் சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தையும் இதயத்தையும் தாக்கும். வெளியில் ஒரு காயமும் இருக்காது. கட்டிவைத்து எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது, அல்லது காட்டில் விட்ட மறுநாள், செத்துவிழும். மானை மீட்டவுடன் கண்ணைத் துணியால் கட்டுங்கள், மூக்கை மூடக் கூடாது. நெஞ்சு தரையில் படும்படி உட்காரவையுங்கள். இரண்டு பேர் தவிர மற்றவர்கள் போய்விட வேண்டும், பேச்சே கூடாது. உடம்பு கொதித்தால் மேலே ஈரச்சாக்கு. காயம் இல்லாமல் நிற்கத் தெம்பிருந்தால் வனத்துறையினர் அருகிலேயே விட்டுவிடுவார்கள். அதுவே சரி.

சுருக்குக் கம்பியில் விலங்கு மாட்டினால் கம்பியை அறுத்து அதை விட்டுவிடாதீர்கள். கம்பி கழுத்திலோ இடுப்பிலோ புதைந்தபடி அது ஓடிப்போகும், வாரக்கணக்கில் அழுகிச் சாகும். மயக்க மருந்து கொடுத்து, கம்பியை எடுத்து, புண்ணைச் சுத்தம் செய்ய மருத்துவர் வர வேண்டும். மீன் வலையிலும் தோட்டத்து வலையிலும் சிக்கிய பாம்புக்கும் அதே பாடம். வலை இறுக்கிய இடத்தில் இரத்த ஓட்டம் நின்று, சதை சில நாள் கழித்தே கறுக்கும். உடனே விட்டுவிட்டால் அது தெரியாமல் போகும். பயிற்சி பெற்றவர் பாம்பைச் சுற்றி வலையை அகலமாக வெட்டி, வலையோடு எடுத்துப் போவதே முறை. தீயணைப்புத் துறைக்கு 101இல் சொல்லலாம். குட்டிப் பாம்பைப் பார்த்துத் தாயைத் தேட வேண்டியதில்லை. நல்ல பாம்பானாலும் கண்ணாடி விரியனானாலும் வெளிவந்த நாளிலிருந்தே தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும், அன்றே நஞ்சும் உண்டு.

விதைப்பு நாட்களில் மயில் தள்ளாடிக் கிடந்தால் பூச்சிமருந்து கலந்த விதையைத் தின்றிருக்க வாய்ப்பு அதிகம். வாயில் எச்சில் வழியும், கால் மடங்கும், உடம்பு நடுங்கும். கையுறையோ பிளாஸ்டிக் கவரோ மாட்டிக்கொண்டு, துணியால் போர்த்தி, நெஞ்சில் படுக்கும்படி பெட்டியில் வைத்து உடனே அனுப்புங்கள். வேளை தாழ்த்தாமல் மாற்று மருந்து போட்டால் பிழைக்கும். அது தின்ற தானியத்தில் ஒரு கைப்பிடியைக் கவரில் கட்டிக் கூடவே கொடுத்தால் மருத்துவருக்கு வேலை எளிது.

நட்சத்திர ஆமையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மழைக்குப் பின் வழியில் நடந்துபோகும் இதை எடுத்து, "ஆமைதானே" என்று கிணற்றிலோ ஏரியிலோ விடுகிறார்கள். இது தரை ஆமை. நீந்தத் தெரியாது, மூழ்கிச் செத்துவிடும். ஓடு குவிந்து, மஞ்சள் கோடுகள் நட்சத்திரமாக விரிந்து, கால் யானைக்கால் போல உருண்டிருந்தால் தரை ஆமை. ஓடு தட்டையாக, விரலிடையில் சவ்வு இருந்தால் நீர் ஆமை. சாலையில் இருந்தால், அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே ஓரத்துக்கு நகர்த்திவிடுங்கள். வண்டி ஏறி ஓடு பிளந்திருந்தாலும் கைவிட வேண்டாம். ஓட்டைத் தைத்து ஒட்டும் சிகிச்சை இருக்கிறது. ஈரம் படாமல், ஈ அண்டாமல் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள்.

மின்கம்பத்தில் அடிபட்ட குரங்கைத் தொடும் முன் மின்வாரியத்தைக் கூப்பிடுங்கள், மின்னகம் எண் 94987 94987. தாயின் உடலைப் பற்றிக்கொண்டிருக்கும் குட்டியைப் பிடுங்கக் கூடாது. கூட்டம் அருகில் இருக்கும்வரை அதிலிருந்து வேறொரு பெண்குரங்கு அதை எடுத்துக்கொள்ளக் கூடும்.

பெட்டியும் சட்டமும்

உதவி தேவை என்று முடிவாகிவிட்டால், முதல் பத்து நிமிட வேலை எல்லா உயிருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். விலங்கைவிடக் கொஞ்சமே பெரிய அட்டைப்பெட்டி. ரொம்பப் பெரிதாக இருந்தால் உள்ளே முட்டி மோதும். ஓட்டைகளை முன்கூட்டியே, உள்ளிருந்து வெளியே குத்திப் போடுங்கள், கூர்முனை உள்ளே நீட்டக் கூடாது. கீழே பழைய வேட்டித் துணி. நூல் சுருள் உள்ள துண்டு வேண்டாம், நகம் மாட்டும். பறவையைக் கம்பிக் கூண்டில் போட்டால் இறகு ஒடியும், ஒடிந்த இறகு அடுத்த இறகுதிர்வு வரை முளைக்காது, அதுவரை விடுவிக்கவும் முடியாது. மூடி, இருட்டாக, சத்தமில்லாத அறையில், டிவியும் குழந்தைகளும் இல்லாத இடத்தில் வையுங்கள். தீனி வேண்டாம். அடிக்கடி திறந்து பார்க்க வேண்டாம். மனிதரைப் பார்ப்பதே அதற்குப் பெரும் பயம்.

உங்கள் கையையும் கவனியுங்கள். பாலூட்டி எதுவானாலும் கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரேபிஸ் தடுப்பூசிக்குப் போக வேண்டும். வௌவாலை வெறுங்கையால் தொடவே கூடாது. கீழே விழுந்த பழந்தின்னி வௌவாலுக்குத் தரையிலிருந்து எழும்பிப் பறப்பது கடினம். நீளக் கிளை ஒன்றை நீட்டினால் பற்றிக்கொள்ளும், அப்படியே உயரத்தில் சாய்த்து வைத்துவிடலாம்.

1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு விலங்கு அரசின் சொத்து. கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும். "குணமானதும் விட்டுடுவோம்" என்று வீட்டில் வைத்திருப்பது, பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது எல்லாம் குற்றம். ஓசூர் வனக்கோட்டத்தில் ஓசூர், ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி, தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி, அஞ்செட்டி, உரிகம் என்று சரகங்கள் இருக்கின்றன. தருமபுரி மாவட்டத்தில் தருமபுரி, அரூர் என இரண்டு கோட்டங்கள். உங்கள் ஊர் எந்தச் சரகம் என்பதும், அந்த அலுவலக எண்ணும் கைப்பேசியில் இருந்தால் முதல் ஒரு மணி நேரம் வீணாகாது. வழியில் கால்நடை மருத்துவர் தேவைப்பட்டால் 1962. ஓசூரிலிருந்து பெங்களூரு பக்கம்தான், அங்கே சிகிச்சை மையங்களும் உண்டு. ஆனாலும் மாநில எல்லை தாண்டிக் காட்டு விலங்கைக் கொண்டுபோக வனத்துறையின் அனுமதி வேண்டும். நேரே காரில் ஏற்றிக் கிளம்பினால் சோதனைச் சாவடியில் நீங்கள்தான் சிக்குவீர்கள்.

ஒப்படைக்கும்போது ஒரு துண்டுச்சீட்டு எழுதிக் கொடுங்கள்: எந்த இடம் (முடிந்தால் கைப்பேசி வரைபடப் புள்ளி), எந்த நேரம், எப்படிக் கிடந்தது, என்ன கொடுத்தீர்கள். பாலோ சோறோ கொடுத்திருந்தால் தயங்காமல் சொல்லிவிடுங்கள், சிகிச்சையே அதைப் பொறுத்து மாறும். இடத்தின் பெயருக்கு இன்னும் மதிப்பு அதிகம். மறுவாழ்வு மையத்தில் குணமான கீரியையோ காட்டுப்பூனையையோ ஆந்தையையோ அது வாழ்ந்த எல்லைக்குள்தான் திருப்பி விட வேண்டும். புது இடத்தில் நீர் எங்கே, இரை எங்கே, எந்தப் பொந்து ஏற்கெனவே இன்னொன்றின் கையில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. 'கிருஷ்ணகிரி அருகே' என்று மட்டும் எழுதியிருந்தால் அதை எங்கே கொண்டுபோய் விடுவது? 'கேழ்வரகுக் கொல்லை, ஏரிக்கரைப் புளியமரத்துக்கு மேற்கே, ஊர்ப் பெயர்' என்று இருந்தால் அந்தப் பெட்டி அதே மரத்தடியில் திறக்கப்படும்.